பாட்டு வெட்டிய ரீச்சர்

சினிமாப் பாட்டென்றால் செல்வநாயகிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கொக்குவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் சங்கீதம் படிப்பித்தவள். வகுப்பில் எந்தப் பிள்ளையாவது வாய்க்குள் சினிமாப் பாட்டை முணுமுணுத்தால், சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளை தலையைக் குனியும் வரைக்கும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். கலியாணம் கட்டவில்லை. வீட்டில் அவளும் தமக்கை ஞானாம்பிகையும்தான். ஞானாம்பிகை புருசனைச் சாகக் கொடுத்து, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தங்கையோடு வந்து இருந்தவள். காலையில் முற்றம் கூட்டத் தொடங்கினால் படுக்கப் போகும்வரை ஓயாமல் கதைப்பாள். செல்வநாயகி பாதியைக் கேட்பாள், பாதியைக் கேட்காமல் விடுவாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கிழமை, இயக்கத்தின் கலைப் பகுதியிலிருந்து ஒரு பெடியன் சைக்கிளில் வந்து படலையைத் தட்டினான். பெயர் அறிவன் என்றான். இயக்கம் வைத்த பெயர். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். மெலிந்த உடம்பு. சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, இருக்கச் சொன்ன பிறகுதான் கதிரையில் இருந்தான்.

அந்த நாளில் குடாநாட்டை ஆயுதம் ஏந்திய இயக்கம்தான் ஆண்டது. நீதிமன்றம் அவர்களுடையது, காவல்துறை அவர்களுடையது. இப்போது பாட்டையும் ஒழுங்குக்குக் கொண்டுவரப் போவதாக அறிவன் சொன்னான். றெக்கோடிங் பார்களில் கசெற்றில் பதிந்து விற்கிற பாட்டுகளை இனிமேல் மூன்று பேர் இருந்து கேட்பார்கள். அவர்கள் சரியென்று முத்திரை குத்தினால் மட்டுமே விற்கலாம். சனம் செத்துக்கொண்டிருக்கிற நாட்டில் கட்டிலையும் இடுப்பையும் பற்றிய பாட்டு எதற்கு என்று கேட்டான். சங்கீதம் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று எல்லோரும் ரீச்சரின் பெயரைத்தான் சொன்னார்களாம்.

அவன் கட்டளையிடவில்லை, கேட்டான். இயக்கம் வந்து கேட்டால் மறுக்க எவ்வளவு இடமிருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் செல்வநாயகி பயத்தில் ஓமென்று சொல்லவில்லை. பிற்காலத்தில் அதை அவள் தனக்குள் எத்தனையோ தடவை ஒப்புக்கொண்டாள். அன்றைக்கு அவள் சந்தோசத்தோடுதான் சொன்னாள்.

அவன் போன பிறகு ஞானாம்பிகை, "உனக்கேன் உந்த வேலை?" என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்றாள் தங்கை.

நல்லூரில், கொழும்புக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் வீட்டில்தான் கூடினார்கள். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் மூன்று மணிக்கு. ஊரில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகிவிட்டது. மற்றவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடல் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டார்கள். இங்கே ஒரு கார் பற்றரி இருந்தது. மூன்றாவது ஆள் தம்பிராசா வாத்தியார், ஓய்வுபெற்ற தமிழ்ப் பண்டிதர். பாதி நேரம் கதிரையிலேயே நித்திரை கொள்வார். பாட்டில் எங்கேயாவது இலக்கணம் பிழைத்தால் மட்டும் கண் விழித்துவிடும். சுவரில் அந்தக் குடும்பத்தின் கலியாணப் படம் இன்னும் தொங்கியது. கட்டிலைப் பற்றிய பாட்டுகளை அந்த மாப்பிள்ளையும் பொம்பிளையும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போலச் செல்வநாயகிக்குச் சில வேளை கூச்சமாக வரும்.

வெட்டுவதற்கு மூன்று காரணம் வைத்திருந்தார்கள். ஆபாசம், அந்நியப் புகழ்ச்சி, மனத்தளர்ச்சி. முதல் இரண்டிலும் அவளுக்குச் சங்கடம் இருக்கவில்லை. பல்லவியை மட்டும் கேட்டுவிட்டு "வேண்டாம்" என்பாள். அறிவன் கொப்பியில் எழுதுவான். மனத்தளர்ச்சி என்பதுதான் முதலில் பிடிபடவில்லை. பிரிவு, சாவு, தனிமை என்று ஒருவன் உருகி உருகிப் பாடினால் சனம் சோர்ந்துபோகும் என்று அறிவன் விளங்கப்படுத்தினான். போகப்போக அதற்கும் பழகிவிட்டாள். அவன் பாட்டுக் கேட்கிற விதத்தை அவள் கவனித்திருக்கிறாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, அசையாமல் இருந்து கேட்பான். ஒரு பாட்டையும் திருப்பிப் போடச் சொன்னதில்லை.

ஒரு வருடம் இப்படிப் போனது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மரியாதை கூடியது. றெக்கோடிங் பார்க்காரர் றோட்டில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். அதுவும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பங்குனியில் டானியலின் பாட்டு வந்தது.

டானியல் கொக்குவில் சந்தியில் றெக்கோடிங் பார் வைத்திருந்தவன். வேதக்கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பவன். அவன் மனைவி றோசுக்கு ஒரேயொரு தமையன், செபநாயகம். அப்போது குடாநாட்டிலிருந்து வெளியே போக இருந்த ஒரே வழி கிளாலியில் வள்ளமேறிக் கடனீரேரியைக் கடப்பதுதான். மாசி மாதம் மருந்து வாங்கி வரப்போன செபநாயகத்தின் வள்ளத்தைக் கடற்படை சுட்டது. உடல் கிடைக்கவில்லை. றோஸ் எட்டு நாள் கரைக்குப் போய்வந்தாள். வந்து சொன்ன சொற்களை டானியல் பாட்டாகக் கட்டினான். கிற்றார் ஒன்று, அவன் குரல் ஒன்று, வேறெதுவும் இல்லை. முத்திரை குத்துமுன்பே அந்தப் பாட்டைக் கையெழுத்துப் பிரதி எடுப்பது போல ஆளுக்காள் பதிந்து கொண்டுபோய்விட்டார்கள்.

பாட்டு ஓடி முடிந்தபோது தம்பிராசா வாத்தியார்கூட விழித்திருந்தார். மெல்லிசை என்று இத்தனை காலம் அவள் இளக்காரமாகச் சொன்னதில் இப்படி ஒன்று இருக்குமென்று செல்வநாயகி நினைத்திருக்கவில்லை. ராகமென்று ஒன்றைச் சொல்ல ஏலாது. ஆனால் ஒரு சுரத்தையும் தள்ளவும் ஏலாது. அனுபல்லவி மாதிரியான இடத்தில் இரண்டு வரி வந்தது:

கேட்டால் சொல்ல யாருமில்லை
கேளாதிருக்க மனமுமில்லை

"இந்த ரண்டு வரியும் மாறவேணும்," என்றான் அறிவன். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. கேட்டால் சொல்ல ஆளில்லையென்றால், யாரைக் குற்றம் சொல்கிறது? இயக்கத்தையா? சனம் அப்படித்தான் எடுக்கும். மனமும் தளரும். மற்றபடி பாட்டு நல்ல பாட்டு, முத்திரை குத்தலாம். வரியை மாற்றி எழுதி, டானியலோடு கதைத்துச் சரிப்படுத்த ரீச்சரால்தான் முடியும் என்றான்.

அவள் அங்கேயே இருந்து எழுதினாள். கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

கேட்கும் கரைகள் ஒன்றாய் எழுமே
கிழக்கில் வானம் சிவந்து வருமே

தாளத்துக்கு அச்சொட்டாக இருந்தது. தம்பிராசா வாத்தியார் மோனையைப் பாராட்டினார். அவ்வளவு சுலபமாக வந்ததை நினைத்துத்தான் பிறகு அவள் வெட்கப்பட்டாள்.

டானியல் மறுக்கவில்லை. கடையின் உள்ளே கூட்டிப்போய், கிற்றாரை எடுத்து, அவள் சொன்னபடி இரண்டு தரம் பாடிக் காட்டினான். முகத்தில் ஒன்றுமில்லை. புது வரிகளோடு பாட்டு சித்திரை மாதம் வெளியானது. ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் அதைப் போட்டுக்கொண்டு ஊரூராகப் போயின. செல்வநாயகி எழுதிய வரிகள் கோயில் வீதியிலும் சந்தையிலும் கேட்டன. ஞானாம்பிகை அதைப் பாடிக்கொண்டே அரிசி புடைத்தாள்.

ஆனி மாதம் ஒரு பின்னேரம் றோஸ் வீட்டுக்கு வந்தாள். முன்பின் கதைத்த பழக்கமில்லை. விறாந்தையில் இருக்கச் சொல்ல, இருக்கவில்லை, தூணோடு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் செபநாயகத்துக்காக நினைவு ஆராதனை வைத்தார்களாம். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் அவளுக்குச் சொல்லாமல் அந்தப் பாட்டைப் பழகிவந்து பாடினார்களாம். கரைகள் எழுகிறதென்றும் வானம் சிவக்கிறதென்றும் தன் தமையனின் படத்துக்கு முன்னால் நின்று பாடினார்களாம். எழும்பி வெளியே போய்விட்டாளாம். இதையெல்லாம் றோஸ் யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

பிறகு கேட்டாள்: "டானியல் பாவம். அவருக்குக் கடை நடக்கவேணும். இயக்கத்துக்கு என்ன வேணுமெண்டதும் எனக்கு விளங்குது. உங்களுக்கு என்ன வேணுமெண்டு இருந்தது, ரீச்சர்?"

செல்வநாயகி கதிரையை அவள் பக்கம் தள்ளினாள். றோஸ் கொஞ்சம் பார்த்தாள். "எங்கடை வீட்டுச் சாவை நீங்கள் திருத்திப் போட்டியள்," என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நல்லூர் வீட்டுக்குப் போவது அவளுக்கு நஞ்சாக இருந்தது. விலகிவிடலாமா என்று தம்பிராசா வாத்தியாரிடம் கேட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "விலகிறனெண்டு சொன்னால் ஏனெண்டு கேப்பாங்கள், பிள்ளை. ஏனெண்டு சொல்லத் தொடங்கினால் அது வேறை கதையாய்ப் போகும்," என்றார்.

ஆடி மாதம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது விமானம் வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு மதிலோரம் படுத்தாள். குண்டு அடுத்த ஒழுங்கையில் விழுந்தது. மதில் சரிந்தது, அவள் மேல் விழவில்லை. எழும்பியபோது உலகம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் வாயைத் திறந்து கத்தினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குள் ஒரு இரைச்சல் மட்டும்.

பன்னிரண்டு நாள் அப்படி இருந்தது. ஞானாம்பிகை அழுதுகொண்டே சைகை காட்டினாள். பதின்மூன்றாம் நாள் காலை குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. செல்வநாயகி படுத்திருந்தபடியே அதைக் கேட்டாள். தமக்கை எட்டிப் பார்த்து, தனக்குத்தானே, "இண்டைக்காவது கேக்குமோ தெரியேல்லை," என்று சொன்னதும் கேட்டது. எழும்பி ஓமென்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. பாட்டுக் கேட்கிற வேலையிலிருந்து வெளியே போக ஒரு கதவு திறந்திருந்தது. அன்றைக்கு அவள் யோசித்ததெல்லாம் அவ்வளவுதான். தமக்கைக்கு மட்டும் சொல்லலாமா என்று நினைத்தாள். ஞானாம்பிகையின் வாயில் ஒரு கதை ஒரு நாள் தங்காது. அதனால் அவளுக்கும் சொல்லவில்லை.

இயக்கத்துக்குக் காட்ட வைத்தியக் கடிதம் வேண்டியிருந்தது. நல்லூரில் தனியாக வைத்தியம் பார்த்த காது, மூக்கு டொக்டர் கனகரட்ணத்திடம் போனாள். வயதான மனிதர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் போய் ஒரு இசைக்கவையைத் தட்டினார். அவளுடைய சுருதிப் பெட்டிக்குச் சுத்தமான பஞ்சமம். இருபத்திரண்டு வருடச் சங்கீத ரீச்சரின் இமை அதற்கு அசைந்துவிட்டது. மேசைக்கு எதிரே ஒரு கண்ணாடி அலுமாரி இருந்ததையும் அதில் தன் முகம் டொக்டருக்குத் தெரிந்ததையும் அவள் அப்போதுதான் கண்டாள்.

டொக்டர் வந்து இருந்தார். பேனையை எடுத்து, இரண்டு செவியும் கேளாது, குணமாவது சந்தேகம் என்று ஆங்கிலத்தில் எழுதினார். எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் மெல்லச் சொன்னார்:

"காது கேளாத ஆக்கள் கதைக்கிறவையின்ரை வாயைத்தான் பாப்பினம். நீங்கள் நிலத்தைப் பாக்கிறியள். இனிமேல் வாயைப் பாருங்கோ."

அவள் நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கடிதத்தை மடித்துக் கொடுத்தார்.

குழு அவளை விட்டது. அறிவன் வந்து, கொப்பியில் "வருந்துகிறோம்" என்று எழுதிக் காட்டிவிட்டுப் போனான். பள்ளிக்கூடத்து அதிபர் அவளை நூலகத்துக்கு மாற்றினார். கிழிந்த புத்தகங்களுக்கு மட்டை ஒட்டுவதும் இலக்கம் எழுதுவதும் வேலை. இவ்வளவு தூரம் அவள் கணக்குப் போட்டிருக்கவில்லை. நூலகத்துக்குப் பக்கத்து அறைதான் சங்கீத அறை. அவளுக்குப் பதிலாகப் போட்ட இளம் ரீச்சருக்குக் காது போதாது. யசிந்தா என்று பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை, செல்வநாயகி நாலு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்த குரல், பரீட்சைக்குக் கல்யாணி பழகினாள். மத்தியமம் தொடர்ந்து இறங்கியே விழுந்தது. நாளுக்கு நாலு தரம் விழுந்தது. திருத்த அந்த அறையில் யாருமில்லை. செல்வநாயகி மட்டைக்குப் பசை பூசிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பசைக் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்ததில் அது கையிலேயே வெடித்தது. பரீட்சையில் யசிந்தா தவறிவிட்டாள்.

வீட்டில் அதைவிடக் கஷ்டம். முதல் ஒரு மாதம் ஞானாம்பிகை கையாலும் கடதாசியாலும் கதைக்கப் பார்த்தாள். பிறகு களைத்துப் போனாள். கதைத்தால் கேட்க ஆளில்லாத வீட்டில் எதற்குக் கதைப்பது? கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். முற்றம் கூட்டும் சத்தமும் கிணற்றுக் கப்பியின் சத்தமும்தான் மிஞ்சின. முந்தி பாதியைக் கேட்காமல் விட்ட அந்தக் கதைகளுக்காக இப்போது செல்வநாயகி காத்திருந்தாள். தமக்கை வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி கடைசியில், மழை இருண்டிருந்த ஒரு பின்னேரம், அறிவன் வந்தான். ஞானாம்பிகை கிணற்றடியில் நின்றாள். அவன் முன்போலவே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கதிரையில் இருந்தான். கொப்பியில், "பார்த்துவிட்டுப் போக வந்தேன். என்னைச் சண்டைக்கு மாற்றியிருக்கிறார்கள்," என்று எழுதி நீட்டினான். அவள் வாசித்துவிட்டுத் தலையசைத்தாள். டொக்டர் சொன்னபடி அவன் வாயைப் பார்த்தாள்.

அவன் கொப்பியை மூடி மடியில் வைத்தான். பிறகு கதைக்கத் தொடங்கினான்.

"உங்களுக்குக் கேக்காதெண்டபடியால் சொல்லுறன், ரீச்சர். வேறை ஒருதருக்கும் சொல்லேலாது. எனக்குப் பாட்டெண்டால் சரியான விருப்பம். அதாலைதான் என்னை அந்த வேலைக்குப் போட்டவை. முந்நூற்றுப் பதினாலு பாட்டு வெட்டினனான். முந்நூற்றுப் பதினாலும் எனக்குப் பாடம். ஒருக்காக் கேட்டால் மறக்காது. நான் செத்தால்தான் அதுகளும் போகும்."

அவள் முகத்தை அசையாமல் வைத்திருந்தாள்.

"டானியல் அண்ணையின்ரை பாட்டிலை அந்த ரண்டு வரி. சனத்துக்கு மனம் தளருமெண்டு சொன்னனான் எல்லோ. சனத்துக்கில்லை. நான் இயக்கத்துக்குப் போகேக்கை வீட்டிலை சொல்லேல்லை. அம்மா மூண்டு மாசம் முகாம் முகாமாய்ப் போய்க் கேட்டுத் திரிஞ்சவவாம். ஒருதரும் சொல்லேல்லை. நான் உள்ளுக்கு இருந்தனான், வெளியிலை வாசல்லை அவவின்ரை குரல் கேட்டது. வெளியாலை வரேல்லை. அந்த வரியைக் கேட்ட உடனை எனக்கு அந்தக் குரல்தான் வந்தது. நான் இருக்கிற இருப்பிலை அதைக் கேட்டுக்கொண்டு இருக்கேலாது, ரீச்சர். அதுதான் மாத்தச் சொன்னனான். பிழையெண்டு தெரியும்."

பிறகு அந்த இரண்டு வரியையும் அவன் பாடினான். உரத்தல்ல. ஒரு சுரம் பிசகவில்லை. இத்தனை காலமும் கூட இருந்தவனுக்குக் குரல் இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லையே என்று அவளுக்குப் பட்டது.  அவன் வாயையே பார்த்தாள்.

கொப்பியில், "காதைக் கவனியுங்கள். போய் வருகிறேன்," என்று எழுதினான். அவள் பேனையை வாங்கி, "கவனமாகப் போய் வாருங்கள், தம்பி," என்று எழுதிக் கொடுத்தாள்.  அவன் அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

கார்த்திகையில் பெரிய சண்டை நடந்தது. அடுத்த கிழமை பள்ளிக்கூட நேரத்தில், சோக இசையைப் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கி வாகனம் றோட்டால் வந்தது. பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஆறாவது பெயர், அறிவன் என்று அழைக்கப்படும் மார்க்கண்டு சிவபாலன், உரும்பிராய். நூலகத்தில் இருந்த ரீச்சர்மார் எழும்பி நின்றார்கள். செல்வநாயகி ஒரு புத்தகத்துக்கு இலக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். கேளாதவள் எழும்ப முடியாது. எழுதிய இலக்கத்தை முடித்தாள். பிறகு ஒரு ரீச்சர் வந்து, தோளைத் தொட்டு, ஒரு துண்டில் அந்தப் பெயரை எழுதிக் காட்டினாள். அதை வாசித்த பிறகுதான் அவளுக்கு அழ அனுமதி கிடைத்தது.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனாள். செத்த வீட்டுப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. இயக்கத்துப் பெடியள் இரண்டு பேர் முற்றத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தாய் இரத்தினம்மா உள்ளே பாயில் இருந்தாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள். பாட்டுக் குழுவில் கூட இருந்த ரீச்சர், பாவம் காது கேளாது என்று ஒருத்தி அறிமுகம் செய்தாள். இரத்தினம்மா அவள் கையைப் பிடித்து இருத்தினாள். யாரையும் பாராமல் சொன்னாள்:

"பத்து வருசம். ஆரிட்டைக் கேட்டாலும் நல்லாய் இருக்கிறான், நல்லாய் இருக்கிறான். வேறை ஒண்டும் சொல்லமாட்டினம். என்னைப் பற்றி ஒருநாளாவது கதைச்சவனோ எண்டுகூட எனக்குத் தெரியாது."

செல்வநாயகி அங்கே போகும்போது எதையும் தீர்மானித்துக்கொண்டு போகவில்லை. ஒரு தரம் கையைப் பிடித்துவிட்டு வருவோம் என்றுதான் போனாள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

"கதைச்சவர், அம்மா," என்றாள். "என்ரை வீட்டு விறாந்தையிலை இருந்து கதைச்சவர். நான் கேட்டனான்."

 முற்றத்தில் கதிரை அடுக்கிய சத்தம் நின்றது. அவள் நிறுத்தவில்லை. நீங்கள் முகாம் வாசலுக்கு வந்ததும், உள்ளே இருந்து உங்கள் குரலைக் கேட்டதும், வெளியே வராமல் விட்டதும், அது மனதை விட்டுப் போகவில்லை என்றதும், எல்லாவற்றையும் அவன் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னாள். பாட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. இரத்தினம்மா அழவில்லை. "எந்த முகாம் எண்டவன்?" என்று மட்டும் கேட்டாள். அவன் பெயர் சொல்லவில்லை என்றாள் செல்வநாயகி. "ஓம், கோண்டாவிலாய்த்தான் இருக்கும்," என்றாள் தாய். "அங்கைதான் நான் ரண்டு தரம் போனனான்." பிறகு அந்தக் கையை விடாமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

கதை அவளுக்கு முன்னால் கொக்குவிலுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்தபோது ஞானாம்பிகை வாசலில் நின்றாள்.

"கேக்குமோ உனக்கு?"

"ஓம், அக்கா."

"எப்ப இருந்து?"

"பதின்மூண்டாம் நாளிலை இருந்து."

ஞானாம்பிகை வாசல்படியில் இருந்துவிட்டாள். "அப்ப நாலு மாசமாய் நான் இந்த வீட்டிலை ஊமையாய் இருந்தது ஆருக்காக?" என்று கேட்டாள். கோபத்தைவிடக் களைப்புத்தான் அதில் கூட இருந்தது. மூன்று நாள் தங்கையோடு முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் காலையில், அயல் வீட்டு மாடு வேலியைப் பிரித்ததைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, மத்தியானம்வரை நிறுத்தவில்லை. செல்வநாயகி ஒரு சொல்லையும் விடாமல் கேட்டாள்.

அந்தக் கிழமையே சந்திக்குப் போய் றோசைக் கண்டாள். அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வந்ததாகச் சொன்னாள். "இருபது வருசமாய்ப் பாட்டைப் பற்றி எனக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. என்னட்டை ஒருதரும் கேக்கேல்லை. அவையள் வந்து கேட்டினம். அவ்வளவுதான் எனக்கு வேணுமாய் இருந்தது." றோஸ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தார்கள்.

பிறகு அவள் எதிர்பார்த்த ஆளும் வந்தான். அறிவனின் இடத்துக்கு வந்த புதியவன், பெயர் சொல்லவில்லை. செருப்போடு விறாந்தையில் ஏறினான். காது சுகமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம், செவ்வாய்க்கிழமை நல்லூருக்கு வரலாம்தானே என்றான்.

"இல்லை," என்றாள் செல்வநாயகி. "இனி நான் வரேல்லை."

"ஏன்?"

ஏனென்று சொன்னாள்.  தான் வெட்டிய பாட்டுகளில் பாதி கூடாத பாட்டுகள்தான் என்றும், ஆனால் எது கூடாததென்று சொல்லிச் சொல்லித் தனக்கு நல்லது கேட்காமல் போய்விட்டதென்றும், ஒரு சாவு வீட்டின் சொல்லைத் தான் எடுத்தது பிழையென்றும் சொன்னாள். காது கேளாதென்று சொன்னது பொய் என்றும் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் எழுதினான். எழுதி முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். ஞானாம்பிகை செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "சரி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் காத்திருந்தாள். ஒரு கிழமை போனது, ஒரு மாதம் போனது. ஒருவரும் வரவில்லை. தையில் அதிபர் சங்கீத அறைத் திறப்பை அவள் கையில் கொடுத்து, வகுப்பைத் திரும்ப எடுக்கச் சொன்னார். நல்லூர் வீட்டில் வேறு மூன்று பேர் இருந்து பாட்டுக் கேட்டார்கள்.

"உந்த 'இல்லை'யை முதல் நாளே சொல்லியிருக்கலாமே," என்றாள் ஞானாம்பிகை ஒரு நாள், மிளகாய் காயவைத்துக்கொண்டு.

சொல்லியிருக்கலாமோ? அந்தப் பொங்கல் கிழமையில் இல்லை என்று சொல்லியிருந்தால் அறிவனும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிருப்பானோ, வேறு ஏதும் நடந்திருக்குமோ, செல்வநாயகிக்குத் தெரியவில்லை. தம்பிராசா வாத்தியாரிடம் கேட்டாள், அவருக்கும் தெரியவில்லை. அதை அவள் வெகுகாலம் யோசித்துக்கொண்டிருந்தாள்.